ஆனி 32-க்கு ஓர் அறை

உஷ்! செருப்பை வாசலில் விட்டுவிட்டுச் சத்தம் போடாமல் உள்ளே வாருங்கள். மணி விடிகாலை 5:40. புதுச்சேரி தட்டாஞ்சாவடியில் எங்கள் தெருவுக்கு இன்னும் பால்காரர் வரவில்லை. அடுப்படி மேடைக்கு மேலே அலமாரித் தட்டில் காபி ஃபில்டருக்கும் உப்பு ஜாடிக்கும் நடுவே நீல நிறத்தில் ஒரு பிஸ்கட் டப்பா இருக்கிறதே, அதைக் காட்டத்தான் கூட்டிவந்தேன். வீட்டு ஆட்களைத் தவிர வேறு யாரும் இதுவரை இதற்குள் எட்டிப் பார்த்ததில்லை. எனக்கே கொஞ்சம் படபடப்பாக இருக்கிறது. திறக்கட்டுமா?

டொக்.

ஆகா, இந்த வரிசையைப் பாருங்களேன்! தங்க முலாம் பூசிய பிள்ளையார், குங்குமச் சிவப்பில் மயில், பச்சையில் வாழை மரம், மாலையோடு இரண்டு யானை. அத்தனையும் கல்யாணப் பத்திரிகைகள். வெட்டி, நிமிர்த்தி, தோளோடு தோள் நிற்க வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றின் தலையிலும் ஸ்கெட்ச் பேனாவில் ஓர் எண். இடுக்குகளில் துண்டுச் சீட்டுகள் தலையை நீட்டிக்கொண்டிருக்கின்றன, டெம்போ படிக்கட்டில் தொற்றிக்கொண்டு வரும் காலேஜ் பிள்ளைகள் மாதிரி.

இன்று 11-ஆம் தேதி. 11 எண்ணுள்ள அட்டைக்குப் பின்னால் கைவிடுகிறேன். ஐந்து சீட்டுகள் வருகின்றன.

முதல் சீட்டு: "ஜிஎஸ்டிஆர்-1. லேத், அச்சகம், பேக்கரி. இன்றே கடைசி." இரண்டாவது, தையற்கடை ரசீது, ஜாக்கெட் இன்று தருவதாகச் சொன்னார்கள், சொன்னார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். மூன்றாவது மகனின் கையெழுத்து: "சார்ட் பேப்பர் பச்சை. அம்மா மறந்தால் அவ்ளோதான்." நான்காவது அம்மா போட்ட வட்டம், எழுதப் பிடிக்காமல் குக்கர் கேஸ்கட்டை வரைந்து வைத்திருக்கிறாள். ஐந்தாவதில் வெறும் கேள்விக்குறி. எழுதியது நான்தான். எதற்கு என்று தெரியவில்லை. மூன்று மாதமாக ஒரு 11-இலிருந்து அடுத்த 11-க்குக் குடிபெயர்ந்துகொண்டே இருக்கிறது. கிழித்துப் போட பயம்.

என்னைப் பற்றி இரண்டு வரி சொன்னால்தான் இந்த டப்பாவின் அருமை புரியும். தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில் ஐந்து சின்னப் பட்டறைகளுக்கு நான் பகுதிநேரமாகக் கணக்கு எழுதுகிறேன். ஐந்து முதலாளிகள், ஐந்து பாஸ்வேர்டு, மாதம் முழுக்க தேதிகள். 7-ஆம் தேதிக்குள் டிடிஎஸ் பிடித்த பணத்தைக் கட்ட வேண்டும். 11-க்குள் விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1. 15-க்குள் பிஎஃப், இஎஸ்ஐ. 20-க்குள் வரி கட்டி ஜிஎஸ்டிஆர்-3பி. ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15 என்றால் கூடவே முன்கூட்டிய வருமான வரித் தவணை. 3பி ஒரு நாள் தாமதமானால் 50 ரூபாய் அபராதம். வியாபாரமே நடக்காத மாதத்துக்கும் நாளொன்றுக்கு 20 ரூபாய் உண்டு. 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்ததிலிருந்து என் மாதத்துக்கு முதுகெலும்பு மாதிரி இந்த நான்கு தேதிகள்.

அதற்கு மேல் வீடு. கேஸ் சிலிண்டர், உழவர்கரை நகராட்சிக்குச் சொத்துவரி, ஸ்கூட்டருக்கு இன்சூரன்ஸ், புகைச் சான்று, பையனுக்கு ஊசி, அம்மாவுக்குச் சர்க்கரைப் பரிசோதனை.

"போனில் அலாரம் வைத்தால் போச்சு" என்று சொல்ல வாய் திறந்துவிட்டீர்கள், தெரியும். வைத்தேன். இட்லி மாவுக் கையோடு நிற்கும்போது அது கத்தும். முழங்கையால் தேய்த்து அணைப்பேன். அணைத்ததோடு அந்த வேலை உலகத்திலிருந்தே மறைந்துபோகும். காகிதம் அப்படி மறையாது. கையில் கிடைத்த சீட்டை ஒன்று முடிக்க வேண்டும், இல்லை வேறு நாளுக்கு மாற்ற வேண்டும், இல்லை கிழிக்க வேண்டும். வேறு போக்கிடமே இல்லை அதற்கு.

இந்த ஏற்பாட்டுக்கு அமெரிக்க ஆபீஸ்களில் பழைய பெயர் ஒன்று உண்டு: டிக்ளர் ஃபைல். தமிழில் சொன்னால் கிச்சுகிச்சு மூட்டும் ஃபைல். இதைக் கேட்ட அன்று என் பையன் தரையில் உருண்டு சிரித்தான். 2001-இல் டேவிட் ஆலன் எழுதிய 'கெட்டிங் திங்ஸ் டன்' புத்தகம் இதை மறுபடி ஊரறியச் செய்தது. கணக்கு ரொம்பச் சுலபம். மாதத்துக்கு 31 நாள், வருஷத்துக்கு 12 மாதம், மொத்தம் 43 உறைகள். இன்றைய உறையை எடுத்து உள்ளே இருப்பதை வெளியே கொட்டு. காலி உறையைக் கடைசியில் சொருகு. இனி அது அடுத்த மாதத்தின் அதே தேதி. மாதம் பிறந்ததும் அந்த மாதத்து உறையைப் பிரித்து, உள்ளிருக்கும் சீட்டுகளை நாள்வாரியாகப் பங்கு போடு. அவ்வளவுதான், சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இதைப் படித்தபோது எனக்குத் தலையில் பல்பு எரிந்தது. இதை நான் பார்த்திருக்கிறேன்! பாவாடை சட்டைக் காலத்தில், கிளை நூலகத்தில். நூலகர் மேசையில் நீளமான மரத்தட்டு ஒன்று இருக்கும். அதில் தேதி எழுதிய அட்டைகள், அவற்றின் பின்னால் நம் உறுப்பினர் சீட்டுக்குள் செருகிய புத்தக அட்டை. திருப்பித் தர வேண்டிய நாள்தான் அந்தப் புத்தகத்துக்கு முகவரி. நீனா பிரவுன் என்ற அமெரிக்க நூலகர் 1895-இல் வகுத்த முறை அது. இன்ன புத்தகம் யார் வீட்டில் தூங்குகிறது என்று எங்கள் நூலகர் மூளையில் எதையும் ஏற்றிக்கொள்ளவில்லை. இன்றைய தேதிக்குப் பின்னால் இன்னும் உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்று மட்டும் பார்த்தார். 1827-இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம் இருக்கும் ஊரில் வளர்ந்துவிட்டு, ஒரு நூலகத் தந்திரத்தை நாற்பது வயதில் அமெரிக்கப் புத்தகத்திலிருந்து தெரிந்துகொண்டேன் பாருங்கள்.

நம் வீடுகளிலும் கருவிகள் இல்லாமல் இல்லை. தாத்தா வீட்டுக் கூடத்தில் வளைந்த கம்பி ஒன்று தொங்கும், அடியில் மரவட்டு. வந்த கடிதம், கட்டிய ரசீது, கந்தாயச் சீட்டு எல்லாம் அதில் குத்தியிருக்கும். ஆனால் கம்பியில் ஏறியவை எல்லாம் நடந்து முடிந்தவை. வரப்போவதைக் குத்தி வைக்கக் கம்பி கிடையாது. வரப்போவதற்குப் பாட்டியிடம் முந்தானை முடிச்சு இருந்தது. ஒரு வேலைக்கு ஒரு முடிச்சு. மூன்று முடிச்சு விழுந்துவிட்டால் எது எதற்கென்று பாட்டிக்கே தெரியாது. (என் கேள்விக்குறிச் சீட்டு எந்தப் பரம்பரையில் வந்தது என்று இப்போது புரிகிறதா?)

சரி, முறை தெரிந்துவிட்டது, ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். விழுந்தேன்.

முதல் முயற்சி, புத்தகத்தில் சொன்னபடியே. 43 ஃபைல்கள் வாங்கி, லேபிள் ஒட்டி, படுக்கையறை பீரோவில் கீழ்த்தட்டில் அடுக்கினேன். பார்க்க அவ்வளவு லட்சணம்! பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒன்பது நாள் ஓடியது. பத்தாவது நாள் பீரோச் சாவி எங்கேயோ போனது. சாவி கிடைத்தபோது தேதி 23. 3பி மூன்று நாள் தாமதம், 150 ரூபாய், என் கைக்காசு. முதலாளியிடம் எப்படிச் சொல்வது? ஃபைல் மேல் தப்பில்லை. காலையில் எழுந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து, மேசை இழுப்பறையைத் திறக்கும் ஆளுக்காக வகுத்த முறை அது. நான் எழுந்ததும் திறப்பது காபி டப்பா.

இரண்டாவது முயற்சி இன்னும் வேடிக்கை. ஃபைல் பெரிது, அட்டை போதும் என்று முடிவுக்கு வந்தேன். 2004-இல் மெர்லின் மான் என்ற அமெரிக்கர், கையடக்கக் கணினிக்குக் காசைக் கொட்டுகிறவர்களைக் கேலி செய்ய, ஒரு கட்டு வெற்று அட்டைகளில் கறுப்பு கிளிப் ஒன்றைப் போட்டு 'ஹிப்ஸ்டர் பிடிஏ' என்று பட்டம் சூட்டினார். அதைப் படித்த கையோடு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சர்தார் படேல் சாலைக்குப் பறந்தேன். அங்கேதான் அரவிந்தர் ஆசிரமத்துக் கைக்காகிதத் தொழிற்சாலை, 1959-இல் தொடங்கியது. பருத்தித் துணிக் கழிவைக் கூழாக்கிக் காகிதம் செய்கிறார்கள். தண்ணீரில் மிதக்கும் வண்ணத்தைக் காகிதத்தில் ஒற்றியெடுத்த அந்த அலை அலையான தாளைப் பார்த்தால் யாருக்குத்தான் கை அரிக்காது? ஒரு கட்டு வாங்கிவந்தேன். தடவிப் பார்த்தேன். முகர்ந்துகூடப் பார்த்தேன். அதில் போய் "கொசுவலை ஓட்டை தைக்க" என்று எழுத மனசு வரவில்லை. ஒரு வாரம் எதையும் எழுதாமலே ஓடியது. நினைவூட்டுச் சீட்டுக்கு அழகான காகிதம் ஆகவே ஆகாது, இது என் தீர்ப்பு. அந்தக் கட்டு இன்னும் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. யாருக்காவது கல்யாணம் என்றால் வாழ்த்து எழுத எடுப்பேன்.

கல்யாணம் என்றதும்தான் வருகிறது கதையின் நாயகி: பத்திரிகை!

சொல்லுங்கள், உங்கள் வீட்டில் எத்தனை கிலோ இருக்கும்? எங்கள் வீட்டில் பரண் மேல் ஒரு மூட்டை. சாமி படம் இருக்கிறது, மஞ்சள் தடவியிருக்கிறது, குப்பையில் போடக் கூடாது. பழைய பேப்பர்காரரிடம் போடவும் மனம் ஒப்பாது. தடித்த அட்டை, வழவழப்பு, நிறத்துக்குப் பஞ்சமில்லை. பிஸ்கட் டப்பாவின் அகலத்துக்கு வெட்டினால் நூலக அட்டை மாதிரி கச்சிதமாக நிற்கிறது. கத்திரியை எடுத்ததும் அம்மா பாய்ந்து வந்தாள்.

"என்னாடி பண்ற? பொண்ணு மாப்ள பேரப் போயி வெட்டுவாங்களா? அபசகுனம்!"

"அம்மா, கெழவன் கெழவி ஆயிட்டாங்கம்மா அவங்க."

"ஆனா என்னா? பேரு பேருதான்."

ஆகவே எங்கள் வீட்டுச் சட்டம்: மணமக்கள் பெயர் முழுசாக இருக்க வேண்டும், சுற்றியுள்ளதை எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம். பெரியப்பாக்கள், மண்டபம், நல்வரவை நாடும் சுற்றம் எல்லாம் போய்விட்டார்கள். ஒவ்வொரு தேதிக்கும் ஒரு ஜோடி நிற்கிறது. 7-ஆம் தேதி, டிடிஎஸ் நாள், என் சித்தி மகள் கல்யாணம், "காலை 9 மணிக்கு மேல் 10.30 மணிக்குள்" என்ற வரி மட்டும் தப்பியிருக்கிறது. நானும் டிடிஎஸ் சலானை அந்த முகூர்த்தத்திலேயே போட்டுவிடுகிறேன். 20-ஆம் தேதி அட்டை ஒரு பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பத்துப் பத்திரிகை. ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் பிரெஞ்சு. 3பி போடும் நாளில் அந்த பிரெஞ்சுப் பக்கம் என்னைப் பார்த்துக் கொஞ்சம் இளப்பமாகச் சிரிப்பது போலவே இருக்கும்.

சீட்டுக்குக் காகிதம்? அதுவும் ஓசிதான். தினசரி காலண்டரில் கிழித்த தாள். முன்பக்கம் ராகுகாலம், எமகண்டம். பின்பக்கம் வெள்ளை வெளேர். மளிகைக் கணக்கு எழுதவென்றே அவதரித்த தாள் அது.

டப்பாவை அடுப்படியில் வைத்தேன் பாருங்கள், அதுதான் திருப்பம். டிகாஷன் இறங்கப் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷம் நான் எங்கும் போக முடியாது. கை தானாக மூடியைத் திறக்கிறது. பீரோவில் இருந்தபோது நான் அதைத் தேடிப் போக வேண்டியிருந்தது, இப்போது அது என் வழியில் உட்கார்ந்திருக்கிறது. எங்கள் ஊர்ப் பெயரிலேயே சாவடி இருக்கிறதே! வழிப்போக்கர் தங்கிப் போகும் இடத்தை வழியில்தானே கட்டுவார்கள், யாராவது வயல் நடுவே கட்டுவார்களா? என் டப்பாவும் ஒரு சாவடிதான். காகிதங்கள் வந்து தங்கும், அவற்றின் நாள் வந்தால் கிளம்பும்.

அடுத்து வந்தது நேரப் பிரச்சினை. காலை 5:40-க்குப் படித்த சீட்டு மத்தியானத்துக்குள் மறந்துவிடுகிறது. அதிலும் இது புதுச்சேரி. டவுனில் பல கடைகள் மத்தியானம் ஒரு மணிக்கு ஷட்டரை இறக்கினால் நாலு மணிக்குத்தான் ஏற்றுவார்கள். இரண்டு மணி வெயிலில் தையற்கடை வாசலில் நின்று பூட்டைப் பார்த்துவிட்டு வந்த அனுபவம் எத்தனை தடவை! ஆகவே சீட்டின் மூலையில் இப்போது மூன்று குறிகள். ஒரு புள்ளி என்றால் வீட்டிலேயே முடிவது. ஒரு கோடு என்றால் வழுதாவூர் சாலைப் பக்கம் போகும்போது முடிக்க வேண்டியது. வேளாண் துறை அலுவலகமும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடமும் தொழிற்பேட்டையும் அந்தப் பக்கம்தான், ஒரே நடையில் மூன்று வேலை. பெருக்கல் குறி போட்டால் நாலு மணிக்கு மேல். கோடும் பெருக்கலும் போட்ட சீட்டுகளை மெர்லின் மானின் கறுப்பு கிளிப்பில் கவ்வி, ஸ்கூட்டர் சாவி மாட்டும் ஆணியிலேயே மாட்டுகிறேன். கிளிப்பைத் தொடாமல் சாவியை எடுக்க முடியாது. அமெரிக்காக்காரர் பையில் வைத்துக்கொண்டது எங்கள் வீட்டில் ஆணியில் தொங்குகிறது.

தொழிற்பேட்டை டீக்கடை மாஸ்டரிடம் இந்தக் கிளிப்பைக் காட்டினேன். அவர் எதையும் எழுதுவதில்லை. பத்துப் பதினைந்து பட்டறைக்கு எந்த டீயில் சர்க்கரை கம்மி, எந்தப் பாக்கி நிலுவை, எல்லாம் நாக்கு நுனியில். ஆனால் காசு கொடுத்த மறுநிமிஷம், "நேத்து எத்தினி டீ அண்ணா?" என்று கேட்டால் முழிப்பார். 1927-இல் புளூமா ஜெய்கார்னிக் என்ற உளவியல் அறிஞர் பெர்லினில் இதைத்தான் ஆராய்ந்து எழுதினார்: முடிக்காத வேலை மனசில் ஒட்டிக்கொண்டு நிற்கும், முடிந்தது உதிர்ந்துவிடும் என்று. பின்னால் சோதித்தவர்களுக்கு எப்போதும் அதே முடிவு கிடைக்கவில்லை என்பது வேறு கதை. மாஸ்டரைப் பார்த்தால் ஜெய்கார்னிக் பக்கம்தான் நான் ஓட்டுப் போடுவேன். அவருக்கு ஒட்டிக்கொள்ளும் மனசு இருக்கிறது, எனக்கு டப்பா.

இனி வருவதுதான் ரகசியத்திலும் ரகசியம். அந்த அலமாரித் தட்டில், நீல டப்பாவுக்குப் பின்னால், சிவப்பில் இன்னொரு டப்பா தெரிகிறதா? அது அம்மாவுடையது.

நான் என் 43-ஐ வைத்துத் துள்ளிக்கொண்டிருந்தபோது அம்மா ஒன்றும் பேசவில்லை. ஒரு நாள் சுவரில் தொங்கும் முருகன் படக் காலண்டரைத் தூக்கி, தாள்களைப் புரட்டி, எட்டு நாள் தள்ளி ஒரு தாளில் பென்சிலால் "சிலிண்டர்" என்று எழுதிவிட்டு விட்டாள். அந்தத் தாளின் நாள் வரும்போது எழுத்தும் வரும். 365 தாள், 365 அறை, நாள் ஏற்கெனவே அச்சடித்தது, நகைக்கடையில் இலவசம். எத்தனை வருஷமாக இதைச் செய்கிறாள் என்று கேட்டேன். "நெனைவு தெரிஞ்ச நாளா" என்றாள். எனக்கு வந்ததே ஒரு கோபம்! புத்தகம் வாங்கினேன், பீரோவைக் காலி செய்தேன், 150 ரூபாய் தண்டம் அழுதேன், இவள் வாயே திறக்கவில்லையே!

ஆனால் நியாயமாகச் சொல்ல வேண்டும், காலண்டர் முறைக்கும் ஓட்டைகள் உண்டு. ரசீதை அதில் செருக முடியாது. டிசம்பர் 31-க்கு அப்பால் அதில் உலகமே இல்லை. தவிர, என் பையன் ஆசையில் நாலு தாளைச் சேர்த்துக் கிழித்துவிட்டால் நாலு நாளும் அவற்றின் வேலைகளும் காற்றோடு போகும். ஒரு தடவை அப்படித்தான் ரேஷன் போனது. அன்றைக்கு அம்மா வந்து மெதுவாகக் கேட்டாள், "அந்த டப்பாவுல எனக்கும் எடம் இருக்கா?"

இருக்கிறது என்றேன். அங்கேதான் கூத்து ஆரம்பித்தது. அம்மா "15" என்று எழுதிப் போட்டால் அது ஆடி 15. நான் ஜூலை 15-இல் எடுத்துவிடுவேன். அன்றைக்கு ஆடியே பிறந்திருக்காது! கூழ் ஊற்ற வேண்டிய கேழ்வரகு இரண்டு வாரம் முன்னாலேயே வந்து இறங்கியது. இதில் எனக்கு ஆறுதல் சொன்னவர் ஆனந்தரங்கப் பிள்ளைதான். பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்சின் துபாஷி, 1736 தொடங்கி 1761 வரை நாட்குறிப்பு எழுதிய நம்மூர்க்காரர். பெரிய மார்க்கெட் பக்கம் அவர் வீடு இன்றும் இருக்கிறது. அச்சில் வந்த அவர் நாட்குறிப்பைப் புரட்டினால் ஐரோப்பியத் தேதியும் தமிழ் மாதத் தேதியும் அருகருகே நிற்கும். இரண்டு காலண்டரில் ஒரே ஆள் வாழலாம் என்பதற்கு இந்த ஊரிலேயே சாட்சி இருக்கிறது. என்ன, அவருக்கு எழுத்தர்கள் இருந்திருப்பார்கள். எனக்கு ஏது? ஆகவே தனி டப்பா.

சிவப்பு டப்பாவுக்கு நாள் அட்டை வெட்ட உட்கார்ந்தோம். நான் 31 எண்ணி வைத்தேன். அம்மா எண்ணிப் பார்த்துவிட்டு, "ஒண்ணு கொறையுது" என்றாள்.

"31 இருக்கும்மா."

"ஆனி 32 வருமேடி!"

வருகிறது! சில வருஷங்களில் ஆனிக்கு 32 நாள். வைகாசியும் ஆடியும்கூடச் சில வருஷம் 32 தொடும். சூரியன் ஒரு ராசியைக் கடக்க எடுக்கும் நேரம்தான் நம் மாதம். பூமி சூரியனைவிட்டு மிகத் தொலைவில் இருக்கும் ஜூலையை ஒட்டி அது மெதுவாக நகர்வதால் ஆனி நீண்டுவிடுகிறது. ஜனவரியை ஒட்டி வேகம் கூடுவதால் மார்கழி 29-இலேயே பல சமயம் முடிந்துவிடும். டேவிட் ஆலனின் 43 இந்த இடத்தில் 44 ஆனது. அந்த ஒரு அட்டையைச் செருகியபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் இருக்கிறதே, ஜிஎஸ்டி ரீஃபண்டு வந்தால்கூட அப்படி இருந்ததில்லை.

அதோடு முடிந்ததா? அப்பாவின் திதி ஐப்பசித் தேய்பிறை தசமி. அது ஆங்கிலத் தேதியிலும் நிற்காது, தமிழ்த் தேதியிலும் நிற்காது, வருஷா வருஷம் நகரும். அமாவாசை, பிரதோஷம், சஷ்டி எல்லாம் அதே ஜாதி. எந்த எண்ணுக்குப் பின்னால் வைப்பது? இதற்காக டப்பாவின் கடைசியில் எண்ணில்லாத அட்டை ஒன்று உண்டு. நகரும் நாள்களின் சீட்டெல்லாம் அங்கே. புதுப் பஞ்சாங்கம் வந்த மறுநாள் அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு உட்காருவாள், ஒவ்வொன்றுக்கும் அந்த வருஷத்துத் தேதி சொல்லுவாள், நான் எழுதி மாதத்துக்குள் அனுப்புவேன். அம்மாவுக்குப் பாம்புப் பஞ்சாங்கம். மாமியார் வீட்டில் திருக்கணிதம். இரண்டுக்கும் ஒரு நாள் வித்தியாசம் வந்தால் சீட்டில் இரண்டு தேதியும் இருக்கும். எந்தத் தேதியில் செய்வது என்பது டப்பாவின் வேலையில்லை, அதில் நான் தலையிடுவதும் இல்லை.

புதுச்சேரிக்கென்று இருக்கும் விடுமுறைகளும் இங்கே தனிச் சீட்டாகக் கிடக்கின்றன. சிவகாசிக் காலண்டர் தமிழ்நாட்டை நினைத்து அச்சடித்தது. ஆகஸ்டு 16, நவம்பர் 1 இரண்டும் அதில் சாதாரணக் கறுப்பு எழுத்தில் வந்து நிற்கும். 1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்ததும், 1962 ஆகஸ்டு 16-இல் அது சட்டப்படி முழுமையானதும் எங்களுக்கல்லவா விடுமுறை! வீராம்பட்டினம் தேருக்கு ஆடி ஐந்தாம் வெள்ளி பார்த்து இன்னொரு சீட்டு. அன்றைக்கு அரசு ஆபீசுக்குப் போனால் வாட்ச்மேன்தான் பேச்சுத் துணை.

மழை ஒரு பாடம் நடத்தியது. 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்த ராத்திரி. அடுப்படி ஜன்னல் கொக்கி கழன்று சாரல் முழுக்க மேடையில். காலையில் பார்த்தால் ஜெல் பேனாவில் எழுதிய சீட்டெல்லாம் நீலக் குளம். அம்மா பென்சிலில் எழுதியவை ஈரத்தோடு அப்படியே இருந்தன. சீட்டுகளைக் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தோம். டிசம்பர் மாதம் முழுக்க எங்கள் கூடத்தில் வரிசையாகத் தொங்கியது, மாவிலைத் தோரணம் மாதிரி. அன்றிலிருந்து பென்சில் அல்லது பால்பாயிண்ட் மட்டும். டப்பா ஒரு தட்டு மேலே ஏறியது. கடற்கரை ஊரின் ஈரத்துக்கும் இராமபாணப் பூச்சிக்கும் நாலு துண்டு வசம்பு உள்ளே கிடக்கிறது. மூடியைத் திறந்ததும் ஒரு வாசனை வந்ததே, அது அதுதான்.

ராத்திரி ஒன்பதரைக்கு மூடும் சடங்கு நாலு நிமிஷம். ஆணியிலிருக்கும் கிளிப்பில் என்ன மிச்சம் என்று பார்த்து, மிஞ்சியதற்கு வேறு நாள் கொடுப்பது. மூன்று தடவை தள்ளிப்போன சீட்டை நான்காவது தடவை தள்ள எங்கள் வீட்டில் அனுமதி இல்லை. செய், இல்லாவிட்டால் கிழி. இந்தச் சட்டத்துக்குக் கேள்விக்குறி மட்டும் விதிவிலக்கு. பையன் அதை மோப்பம் பிடித்துவிட்டான். "என் ஹோம்வொர்க்குக்கும் கேள்விக்குறி போட்டுக்கவா?" என்று நேற்று கேட்டான்.

நீங்களும் செய்வதாக இருந்தால் தயவுசெய்து என் டப்பாவை அப்படியே பார்த்து எழுதாதீர்கள். காலையில் முதலில் உங்கள் கை எதைத் தொடுகிறது என்று மூன்று நாள் கவனியுங்கள். பல் தேய்க்கும் பிரஷ்ஷோ, சாமி விளக்கோ, கடைச் சாவியோ, அதன் பக்கத்தில் வையுங்கள். ஃபைல் வாங்காதீர்கள். பரணில் ஏறுங்கள், பத்திரிகைக் கட்டை இறக்குங்கள், மணமக்கள் பெயரை மட்டும் விட்டுவிட்டு வெட்டுங்கள். அம்மாவோ மாமியாரோ வீட்டில் இருந்தால் 32 அட்டையாக வெட்டுங்கள்.

எங்கள் சிவப்பு டப்பாவில் அந்த 32-ஆம் அட்டை என் கல்யாணப் பத்திரிகை. ஆனி 32 வராத நாள்களில் அதற்குப் பின்னால் ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறோம்.